பெல்ட் ஹூக் தலைக்கு மேல மாட்டுங்க

சேஃப்டி பெல்ட் ஹூக்க கால்கிட்ட இருக்குற கம்பில மாட்டாதீங்க, தலைக்கு மேல பீம்ல ஸ்லிங் (ஹூக் மாட்டுறதுக்கான வலுவான பட்டை) சுத்தி அதுல மாட்டுங்க, ஓசூர் பக்கம் அடுக்குமாடி வேலைக்குப் போற நம்ம தர்மபுரி பசங்க இத கட்டாயம் செய்யணும். ஏன்னா பெல்ட் கயிறு பொதுவா 6 அடி, முதுகுல இருக்குற ரிங் கால்ல இருந்து சுமாரா 5 அடி உயரத்துல இருக்கும், ஹூக் கால் மட்டத்துல இருந்தா கயிறு இழுத்துப் பிடிக்குறதுக்குள்ளயே ஆள் 11 அடி கீழ போயிடுவான், 10 அடி தளத்துல இருந்து விழுந்தா பெல்ட் போட்டும் தரையிலதான் அடிபடும். அதே ஹூக் 7 அடி உயரத்துல இருந்தா 4 அடியிலயே கயிறு பிடிச்சிரும் (அதுக்கப்புறம் கயித்துல மடிச்சு வச்சிருக்குற, அதிர்ச்சிய தாங்குற ஷாக் அப்சார்பர் பட்டை பிரிஞ்சு இன்னும் 3 அடிக்கு மேல இறங்கலாம், அதையும் கணக்குல வைங்க).

அதனால கதவு, ஜன்னலுக்கு மேல வர்ற லிண்டல் மட்டத்துல, 7, 8 அடி உயர வேலைக்கு பெல்ட்ட நம்பாதீங்க, அங்க கைப்பிடி கட்டுன பலகை சாரம்தான் சரி. சவுக்குக் கம்பு சாரத்துல எவ்வளவு உயரத்துல மாட்டினாலும் வேண்டாம்ங்க, ஆளோட சேர்ந்து சாரமே சாஞ்சிரும்.