குட்டியைக் கொடுக்கும் முன் வாடகை அக்ரிமென்ட்டைக் கேளுங்கள்

பெங்களூரு அல்சூரில் என் தையல் கடை ஷட்டருக்கு முன்னால் காலையில் அட்டைப்பெட்டி இருந்தால், திறக்காமலே உள்ளே என்னவென்று தெரிந்துவிடும். போன ஆடியில் வந்த பெட்டியில் நாலு நாய்க்குட்டிகள். நாலும் பெட்டை. கடுவன்களை யாராவது கேட்டு வாங்கிப் போய்விடுவார்கள். மிஞ்சுவதுதான் பெட்டியில் வரும்.

14 வருஷமாக இப்படி வரும் குட்டிகளுக்கு வீடு பார்த்துக் கொடுக்கிறேன். பிளவுஸ் அளவு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எது யாரிடம் போனது என்று குறித்து வைத்திருக்கிறேன். இதுவரை 61. அதில் 9 திரும்பி வந்தன. கடிக்கிறது, குரைக்கிறது என்று வந்தவை 2 தான். மற்ற 7-ம் வீடு மாறும்போது வந்தவை. இந்த ஊரில் வாடகை அக்ரிமென்ட் 11 மாசம். நாய்க்கு ஆயுசு 12, 13 வருஷம். இடிக்கிற இந்தக் கணக்கைக் குட்டியைக் கையில் கொடுக்கும் முன்பே பேசிவிட வேண்டும்.

முதலில் பெட்டி. குட்டி சில்லிட்டிருந்தால் பால் ஊற்றாதீர்கள், சூடு கொடுங்கள். பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றிப் பக்கத்தில் வைத்தால் போதும். கண் திறக்காத குட்டிக்கு நாய்க்குட்டிகளுக்கென்றே விற்கும் பால் பவுடர்தான். பாக்கெட் பால் பல குட்டிகளுக்கு வயிற்றைக் கலக்கிவிடும். பல் முளைத்திருந்தால் முட்டை போட்டுக் குழைத்த சோறு தின்னும். தடுப்பூசி ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் ஆரம்பம், ரேபிஸ் ஊசி மூன்று மாசத்தில். தெரு ஓரத்தில் குட்டிகளைப் பார்த்தீர்கள் என்றால் உடனே தூக்காதீர்கள். தாய் சாப்பாடு தேடிப் போயிருக்கும். தள்ளி நின்று ஒன்றிரண்டு மணி நேரம் பாருங்கள்.

அப்புறம் தாயைத் தேடுங்கள். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம், நானும் பல வருஷம் விட்டேன். சூல் 63 நாள், வருஷத்துக்கு இரண்டு ஈடு. நாம் நாலு குட்டிக்கு வீடு பார்த்து முடிப்பதற்குள் அடுத்த பெட்டி தயாராகிவிடும். அன்றைக்குப் பெட்டியில் விரித்திருந்தது ஒரு பழைய சுடிதார். கழுத்துப் பட்டியைப் பார்த்ததுமே என் கைத்தையல் என்று தெரிந்தது. யாருக்குத் தைத்தேன் என்பதும் ஞாபகம் வந்தது. சண்டைக்குப் போகவில்லை. போயிருந்தால் அடுத்த பெட்டி வேறு கடை வாசலுக்குப் போயிருக்கும், அவ்வளவுதான். “அக்கா, உங்க நாய் குட்டி போட்டுச்சாமே, பால் வத்தினதும் சொல்லுங்க, கருத்தடை ஆபரேஷனுக்கு நான் கூட வரேன்” என்றேன். “ஒரு தடவை குட்டி போட்டாத்தானே உடம்புக்கு நல்லது, அதான் விட்டோம்” என்றார். அப்படி ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் ஆபரேஷன் செய்யாத பெட்டைக்குத்தான் வயதான காலத்தில் கர்ப்பப்பையில் சீழ் வைக்கிற ஆபத்து. சில வாரம் கழித்து ஹெப்பாள் கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போனோம். முந்தின ராத்திரியிலிருந்து பட்டினி. ஆபரேஷன் முடிந்தால் நாய் தையலை நக்கிப் பிரிக்கப் பார்க்கும். பழைய பனியனில் காலுக்கு ஓட்டை வெட்டி மாட்டிவிடுங்கள், பத்து நாள் தாங்கும்.

தாய் தெருநாய் என்றால் மாநகராட்சிக்குச் சொல்ல வேண்டும். வண்டி வரும்போது நாய் ஓடிவிடும் என்பதுதான் சிக்கல். அதற்கு முன் ஒரு வாரம் தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் சோறு வையுங்கள். பிடிக்க வருகிறவர்களுக்குப் பாதி வேலை மிச்சம். 2023-இல் வந்த நாய்க் கருத்தடை விதிகளின்படி ஆபரேஷனும் ரேபிஸ் ஊசியும் முடித்துக் காதில் அடையாளம் வெட்டி, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். (பள்ளி, ஆஸ்பத்திரி, ரயில் நிலையம் மாதிரி இடங்களுக்கு 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வேறு மாதிரி சொல்லிவிட்டது.) இதனால் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு: மாநகராட்சிக் கணக்கில் 2019-இல் 3.10 லட்சமாக இருந்த தெருநாய்கள் 2023-இல் 2.79 லட்சம்.

இனி குட்டியைக் கொடுப்பது. ஆசையாக வருகிறவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, சொந்த வீடா வாடகையா. வாடகை என்றால் என் முன்னாலேயே ஹவுஸ் ஓனருக்குப் போன் போடச் சொல்வேன். விலங்கு நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதல்படி அபார்ட்மென்ட் சங்கம் நாய் வளர்க்கத் தடை போட முடியாது. ஆனால் அந்தத் தாளைக் காட்டி ஹவுஸ் ஓனரிடம் ஜெயித்தவரை நான் இன்னும் பார்க்கவில்லை. இரண்டாவது, வீட்டில் யார் கூட்டிப் பெருக்குகிறார்களோ அவர்களிடம் பேச வேண்டும். பிள்ளையின் பிறந்தநாளுக்குப் பரிசு என்று வந்தால் நான் கொடுப்பதில்லை. மூன்றாவது, பொங்கலுக்கு ஊருக்குப் போனால் நாய்க்கு யார் சோறு வைப்பார்கள்? இதற்கு முழிப்பவர்கள்தான் அதிகம்.

கடைசியாக 500 ரூபாய் வாங்கிக்கொள்வேன். ஆறு மாசத்துக்கு மேல் ஆபரேஷன் செய்து ரசீதைக் காட்டினால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். காசு முக்கியமில்லை, போன் பண்ண எனக்கு ஒரு சாக்கு வேண்டும். சட்டத்தை நம்ப முடியாது. நாயைப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவது 1960-ஆம் வருஷ மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்தான். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். அந்தக் காசுக்கு நான் ஒரு ஜிப் கூட மாற்றித் தர மாட்டேன்.

சென்னைக்கு மாற்றலாகிறது, நாயை எப்படிக் கொண்டு போவது என்று கேட்பவர்களிடம் ரயிலில் என்று சொல்லுங்கள். முதல் வகுப்பு ஏசியில் கூப்பே, அதாவது இரண்டு பேருக்கான தனி அறை, முழுவதையும் எடுத்தால் கூடவே வரும். இல்லையென்றால் பார்சல் ஆபீஸில் பதிந்து கார்டு பெட்டியில் உள்ள நாய்க்கூண்டில் ஏற்றலாம். இது தெரியாமல்தான் வீடு மாறும்போது வந்த அந்த 7-இல் 2 என்னிடம் திரும்பி வந்தன.

அந்த நாலு குட்டிகளில் மூன்றுக்கு வீடு கிடைத்தது. ஒன்றுக்கு இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த அக்கா இப்போதும் என்னிடம்தான் தைக்கிறார். தீபாவளிக்கு மூன்று பிளவுஸ் கொடுத்தார். பெட்டியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.