தேயிலைக் குதிரைப் பாதை: போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீனாவின் யுன்னான் மாநிலத்தில், தேயிலையைத் திபெத்துக்குக் கொண்டுபோய்க் குதிரைக்கு மாற்றிய பழைய வணிக வழியான தேயிலைக் குதிரைப் பாதைக்குக் குழுக்களை அழைத்துப் போவது என் தொழில். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நாங்கள் எல்லோரும் சறுக்கிய அதே இடங்களில்தான் இன்று புதிதாக வருகிறவர்களும் சறுக்குகிறார்கள். பார்க்கப் பார்க்க மனசு கேட்கவில்லை. விசா, குடை, கைப்பேசியில் பணம் கட்டும் செயலி பற்றியெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. டிக்கெட் போட்டுத் தருபவரே அதைச் சொல்லிவிடுவார்.

வடக்கே மட்டும் போய்த் திரும்புவது

சந்தையில் கிடைக்கும் பயணத் திட்டங்களில் பெரும்பாலானவை தாலி, லிஜியாங், ஷாங்ரி-லா என்று போகும். பனிமலையும் பழைய வீதிகளும் அங்கே இருக்கின்றன. ஆனால் லிஜியாங்கும் ஷாங்ரி-லாவும் தேயிலை மூட்டை கடந்துபோன ஊர்கள். அந்த மூட்டையில் இருந்த பூஅர் தேயிலை விளைவது தெற்கே, சிஷ்வாங்பன்னாவிலும் பூஅர் வட்டாரத்திலும். தோட்டத்தையே பார்க்காமல் தேயிலைப் பாதையைப் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள்.

இது ஒரே ஒரு சாலையும் இல்லை. திபெத்தியருக்கு வெண்ணெய் போட்டுக் குடிக்கத் தேயிலை வேண்டியிருந்தது, சீன அரசுக்குப் படைக்குக் குதிரை வேண்டியிருந்தது. அன்று சீனாவை ஆண்ட சொங் வம்ச அரசு 1074-இல் சிச்சுவானில் இந்தப் பண்டமாற்றுக்கென்றே ஓர் அலுவலகம் திறந்தது. யாஆனிலிருந்து காங்டிங் வரை சிச்சுவான் பக்கத்து மலைகளில் மனிதர்களே முதுகில் சுமந்தார்கள். யுன்னான் பக்கம் கோவேறு கழுதைகள் சுமந்தன. காலப்போக்கில் இந்தப் பாதைகள் கிளை கிளையாகப் பிரிந்தன.

2021 டிசம்பரில் யுன்னான் தலைநகர் குன்மிங்கிலிருந்து லாவோஸுக்கு ரயில் ஓடத் தொடங்கிய பிறகு தெற்கே போகாததற்குச் சாக்கே கிடையாது. அந்த ரயில் நிங்அர், பூஅர், சிஷ்வாங்பன்னா வழியாகத்தான் போகிறது. நிங்அர் பக்கத்துக் காட்டுக்குள் எஞ்சியிருக்கும் கல்பாதையில் ஒருமுறை குனிந்து பாருங்கள். கல்லின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் குழி விழுந்து, ஓரம் வழவழவென்று இருக்கும். லாடம் அடித்த குளம்புகள் ஒரே இடத்தில் பதிந்து பதிந்து தேய்த்த குழிகள் அவை. அங்கிருந்து ஜிங்மாய் மலைக்குப் போகலாம். அங்கே வாழும் புலாங், தாய் (Dai) என்ற இரண்டு இனத்து மக்கள் பெரிய மரங்களின் நிழலில் வளர்த்த பழைய தேயிலைக் காட்டை 2023-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. வரிசையாக வெட்டிவிட்ட நீலகிரித் தோட்டங்களையே பார்த்துப் பழகிய நம் கண்ணுக்கு அது தேயிலை என்று புரியவே கொஞ்ச நேரம் பிடிக்கும்.

தாளில் அச்சடித்த வருடத்துக்குப் பணம் கொடுப்பது

இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். இத்தனை காலம் கழித்தும் எனக்கு ஆத்திரம் ஆறாத விஷயம் இது.

பூஅர் தேயிலையை வட்டமான வில்லையாக அழுத்தித் தாளில் சுற்றி விற்பார்கள். வழக்கமான வில்லை 357 கிராம். ஏழு வில்லைகளை அடுக்கி மூங்கில் மடல் சுற்றினால் ஒரு கட்டு, சுமார் இரண்டரைக் கிலோ. நன்றாகப் பாதுகாத்த வில்லைக்கு வயது ஏற ஏற விலையும் ஏறும். அங்கேதான் ஏமாற்றுக்கு வழி பிறக்கிறது.

என் குழுவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வந்திருந்தார். சுற்றுலா ஊர் ஒன்றில், நான் மற்றவர்களோடு சதுக்கத்தில் நின்றிருந்த நேரத்தில், உள்ளூர் ஓட்டுநர் அவரை ஒரு கடைக்குக் கூட்டிப்போயிருக்கிறார். கடைக்காரர் அவருடைய பிறந்த வருடத்தைக் கேட்டுக்கொண்டு, உள்ளே போய் "1958-இல் செய்த ஷௌ" (பூஅரில் ஒரு வகை) என்று ஒரு கட்டை எடுத்துவந்து வைத்திருக்கிறார். நம் பணத்துக்கு ஏறக்குறைய ஒரு லட்சம். பேருந்தில் ஏறியதும், "தம்பி, என் வயசுதான் இதுக்கும்" என்று சந்தோஷமாகச் சொன்னார். மூட்டை கட்டி உள்ளே வைத்துவிட்டதால் பிரித்துக் காட்டவில்லை. மூன்று மாதம் கழித்து, இதை எப்படிப் பாதுகாப்பது என்று கேட்டு அந்தத் தாளைப் படமெடுத்து அனுப்பினார்.

அந்தப் படத்தில் இரண்டு பொய்கள் அப்பட்டமாகத் தெரிந்தன. முதலாவது, அது ஷௌ. பூஅரில் இரண்டு வகை. ஷெங் என்பது பச்சையாக அழுத்தி, ஆண்டுக்கணக்கில் தானாக முதிர விடுவது. ஷௌ என்பது இலையைக் குவித்து, நீர் தெளித்து, ஈரத் துணி மூடி, சில வாரங்களிலேயே புளிக்க வைப்பது. இந்தக் குவியல் முறையைக் குன்மிங் தேயிலைத் தொழிற்சாலையில் உருவாக்கியதே 1973 வாக்கில்தான். 1958-இல் செய்த ஷௌ என்ற ஒன்று உலகத்திலேயே இருக்க முடியாது. இரண்டாவது, தாளில் இருந்த முகவரி: "பூஅர் நகரம்". சிமாவ் என்றிருந்த அந்த நிர்வாக நகரத்துக்குப் பூஅர் நகரம் என்று பெயர் மாற்றியது 2007-இல். அதற்கு முன் அச்சடித்த தாளில் அந்த முகவரி வர வழியில்லை.

இதைவிட வயிற்றெரிச்சல் இன்னொன்று. 2013 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சீனச் சுற்றுலாச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு, அடிமாட்டு விலைக்குப் பயணம் விற்றுவிட்டுக் கடைக் கமிஷனில் ஈடுகட்டுவதைத் தடை செய்கிறது. அப்படிக் கடைக்குக் கூட்டிப்போய் வாங்க வைத்திருந்தால், பயணம் முடிந்து முப்பது நாளுக்குள் பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கித் தரும்படி பயண நிறுவனத்தைக் கேட்கலாம். அந்த ஆசிரியை என்னைக் கேட்டது மூன்று மாதம் கழித்து. முதல் வாரத்தில் அந்தப் படம் வந்திருந்தால் போராடியிருப்பேன்.

ஆகவே கடையில் செய்ய வேண்டியது இதுதான். வருடம், "எண்ணூறு வயது மரம்", லாவ்பான்சாங் என்ற ஊர்ப்பெயர் எதையும் காதில் வாங்காதீர்கள். லாவ்பான்சாங் சிஷ்வாங்பன்னாவின் மெங்ஹாய் பக்கத்தில் ஒரு சிற்றூர். அங்கே விளைவதைவிடப் பல மடங்கு தேயிலை அதன் பெயரில் விற்பனையாவது யுன்னானில் யாருக்கும் ரகசியமில்லை. மாதிரி டப்பாவிலிருந்து போட்டுத் தந்தால் வேண்டாம் என்று சொல்லி, வாங்கப்போகும் வில்லையிலிருந்தே பிய்த்துப் போடச் சொல்லுங்கள். மேல்தளத்தில் அழகான இலையை ஒட்டி உள்ளே தூளை அடைத்திருப்பார்கள் என்பதால் நடுவிலிருந்து பிய்க்க வேண்டும். கொதிநீர் ஊற்றி முதல் நீரைக் கொட்டிவிட்டு, அடுத்தடுத்து நாலைந்து முறை ஊற்றிக் குடித்துப் பாருங்கள். பிறகு ஊறிய இலையை ஒரு தட்டில் விரித்து விரலால் இழுங்கள். நல்ல இலை விரியும், நெகிழும். கரித்துண்டு போல இறுகி, விரியவே மறுத்தால் புளிக்க வைத்ததில் கெட்டுப்போன சரக்கு. பூஞ்சை வாடை அடித்தால் எழுந்து வந்துவிடுங்கள். தினமும் குடிக்கத் தகுந்த ஷௌ வில்லை நூறு, இருநூறு யுவானிலேயே கிடைக்கும். நாக்குக்குப் பிடித்ததை அந்த விலைக்கு வாங்குங்கள். ஐம்பதுகளின் உண்மையான வில்லைகள் ஏலத்தில் லட்சக்கணக்கில் போகின்றன. பேருந்து நிறுத்தத்துக் கடையில் அவை காத்துக்கொண்டிருக்காது.

கடைக்குப் போகிறபோது உங்கள் குழுத் தலைவரைக் கூப்பிடுங்கள். அவர் வரத் தயங்கினால் அந்தக் கடையை விட்டுவிடுங்கள்.

ரயில் வேகத்தில் உயரம் ஏறுவது

லிஜியாங் சுமார் 2,400 மீட்டர், ஷாங்ரி-லா 3,300-ஐ ஒட்டி. முன்பு சாலையில் அரை நாள் எடுத்த தூரத்தை 2023 நவம்பரில் திறந்த ரயில் ஒரு மணி நேரம் சொச்சத்தில் கடக்கிறது. இதனால் குன்மிங்கில் காலை உணவு, ஷாங்ரி-லாவில் இரவு உணவு என்று திட்டம் போடுகிறார்கள். ரயில் வசதிதான், உடம்புக்கு அந்த வசதி கிடையாது. தாலி, பழைய சந்தை ஊரான ஷாசி, லிஜியாங் என்று படிப்படியாக இரவு தங்கி ஏறுங்கள். ஷாங்ரி-லா போய்ச் சேர்ந்த முதல் நாள் மது வேண்டாம், படிக்கட்டு ஏறும் கோயில்களும் வேண்டாம். அதற்கும் வடக்கே உள்ள தேச்சின் பக்கம் போகும் பாதை 4,000 மீட்டருக்கு மேல் ஒரு கணவாயைத் தாண்டுகிறது. ஷாங்ரி-லாவில் இரண்டு இரவாவது கழித்த பிறகே அங்கே போக வேண்டும்.

லேசான தலைவலி பலருக்கும் வரும். வாந்தி, நடை தள்ளாட்டம், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது என்று வந்தால் விடியும்வரை பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. உடனே மருத்துவமனை, உடனே கீழிறக்கம். கடைகளில் விற்கும் ஆக்சிஜன் குப்பி சில நிமிட ஆறுதல்தான், சிகிச்சை அல்ல. ரத்த அழுத்தமோ இதய, நுரையீரல் தொந்தரவோ உள்ளவர்கள் ஊரிலேயே மருத்துவரைப் பார்த்து, உயரத்துக்கான மாத்திரை தங்களுக்கு ஒத்துவருமா என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

ஷாசியில் இரண்டு மணி நேரம்

போதாது. ஓர் இரவு தங்குங்கள், முடிந்தால் வெள்ளிக்கிழமைச் சந்தையோடு சேர்த்து. பகல் பேருந்துகள் போன பிறகுதான் கோயிலும் எதிரே கூத்து மேடையும் உள்ள அந்தச் சதுக்கத்தில் நிதானமாக உட்கார முடியும்.

குதிரைச் சவாரி

முதுகில் புண் இருக்கும் குதிரையில் ஏறாதீர்கள். சேணத்தைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

"அப்படியே லாசா போய்விடலாம்" என்பது

முடியாது. வெளிநாட்டவர் திபெத்துக்குள் நுழையத் தனி அனுமதிச் சீட்டும் பதிவுபெற்ற வழிகாட்டியும் வேண்டும். வழியில் நின்று வாங்கிக்கொள்ள முடியாது, முன்கூட்டியே பயண நிறுவனம் வழியாகத்தான் வாங்க வேண்டும்.

மாதம்

ஜூலை, ஆகஸ்டு மழையில் மலைச்சாலைகளில் மண் சரியும். அக்டோபர் முதல் வாரம் தேசிய விடுமுறை, அறை கிடைக்காது. தெற்கே இலை பறிப்பதைப் பார்க்க மார்ச் கடைசியும் ஏப்ரலும். அந்த நாட்களில் பகலில் பறித்ததை அன்றைக்கே இரும்புச் சட்டியில் வதக்குவார்கள். பிற்பகலில் கிராமத்தில் இருக்கும்படி திட்டம் போடச் சொல்லி, முன்பணம் கட்டும் முன்பே அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.