பழைய சைக்கிளில் மோட்டார் பூட்டும்போது செய்யக்கூடாத தவறுகள்

மோட்டாரை முதலில் வாங்கிவிட்டு, பிறகு அதற்கு ஃபிரேம் தேடுவதில்தான் பாதிச் சிக்கல் ஆரம்பிக்கிறது. பிரேக்கை முடிவு செய்துவிட்டு மற்றதைத் தொடுங்கள். பழைய 28 அங்குல சைக்கிளின் கம்பி பிரேக், குரோம் பூசிய ரிம்மில் மழை பட்டால் சரியாகப் பிடிக்காது. ஏற்காடு மலையிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளில், ஆளும் வண்டியுமாக 105 கிலோவை இறக்க அது போதாது. இரு கைகள் ரிம்மைப் பக்கவாட்டில் கவ்வும் வி-பிரேக்கும் அந்த ரிம்மில் பொருந்தாது. பழைய இரும்புக் கடையில் 26 அங்குல எம்.டி.பி. (மலை சைக்கிள்) இரும்பு ஃபிரேமாகப் பார்த்து எடுங்கள். வி-பிரேக் மாட்டும் முளை அதிலேயே இருக்கும். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் குரூசர் தோற்றம் வேண்டுமென்றால், அதை அகல ஹேண்டிலும் சீட்டும் கொடுத்துவிடும். ஹேண்டில் குழாய்க்குக் கீழே உள்ள இணைப்பில் பெயின்ட் மயிரிழையாக வெடித்திருந்தால் அந்த ஃபிரேம் வேண்டாம். மோட்டாரைத் தாங்கும் தட்டை மெல்லிய குழாயில் ஆர்க் வெல்டிங் வைத்தால் ஓட்டை விழும். யூ கிளாம்ப் போட்டு இறுக்குவதே நல்லது.

அடுத்து, மோட்டாருக்காக இடது பக்கம் போடும் செயின். சாதாரண ஃப்ரீவீலை (பெடலை நிறுத்தினாலும் சக்கரத்தைச் சுற்றவிடும் பின் பல்சக்கரம்) இடது பக்கம் திருப்பிப் பூட்டினால் அது முன்னோக்கி இழுக்காமல் வெறுமனே சுற்றும். ஸ்பிராக்கெட்டை (செயின் ஓடும் பல்சக்கரம்) ஸ்போக்கோடு சேர்த்து இறுக்கினால் ஸ்போக் ஒவ்வொன்றாக அறும், கோட்டம் எடுத்தாலும் நிற்காது. டிஸ்க் பிரேக்குக்கான ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) ஒன்றைத் தேடி, அதன் 6 போல்ட் துளைகளில் ஸ்பிராக்கெட்டை முடுக்குங்கள். பின் பிரேக்குக்கு வி-பிரேக் இருக்கிறது.

பல் கணக்கைப் பலரும் யோசிப்பதே இல்லை. 24 வோல்ட், 250 வாட் கியர் மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 300 சுற்று சுற்றும். மோட்டாரில் 9 பல், பின் சக்கரத்தில் 18 பல் என்றால் சமதளத்தில் மணிக்கு 19 கி.மீ. வரும், இழுவை நாலரை கிலோதான். 100 மீட்டருக்கு 6 மீட்டர் ஏறும் இடத்தில் ஏழு கிலோ வேண்டும். அடிவாரம் தாண்டியதும் மோட்டார் திணறி, கரண்டை அதிகமாக இழுத்து, பிரஷ் கருகும். பின்னால் 28 பல் போட்டால் அதே மோட்டார் மணிக்கு 12 கி.மீ.யில் நிதானமாக ஏறும். மலை ஏற்ற நினைப்பவர் வேகத்தை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.

மொபெட் எஞ்சின் மலிவாகக் கிடைக்கிறதே என்று 50 சி.சி.யைப் பூட்டினால் வண்டி சட்டப்படி மோட்டார் வாகனமாகிவிடும். பதிவு, இன்சூரன்ஸ், லைசென்ஸ் எல்லாம் கட்டாயம். மின்சார வண்டியும் 250 வாட்டுக்கும், மணிக்கு 25 கி.மீ. வேகத்துக்கும் குறைவாக இருந்தால்தான் விலக்கு, அதுவும் அனுமதி பெற்ற மாடலுக்குத்தான். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டு ரோட்டில் இறக்குங்கள்.

யு.பி.எஸ்.ஸிலிருந்து கழற்றிய 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டை 24 வோல்ட்டுக்குச் சேர்த்தால், புதிதாக இருந்தாலே 14 ஆம்பியர் இழுவையில் கால் மணி நேரம்தான் தாங்கும். ஒன்று நல்லது, ஒன்று நைந்தது என்று ஜோடி சேர்த்தால், நைந்தது முதலில் காலியாகி, மற்றது தள்ளும் கரண்டில் தலைகீழாக ஏறிக் கெடும். வாங்கும்போதே சும்மா இருக்கையில் 12.6 வோல்ட் காட்டுகிறதா பாருங்கள். பிறகு 55 வாட் ஹெட்லைட் பல்பை 10 நிமிடம் எரியவிட்டு மீட்டரை வையுங்கள். பல்பு எரிகையிலேயே 11.5க்குக் கீழே இறங்கினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பேட்டரி பிளஸ் முனையை ஒட்டி 30 ஆம்பியர் ஃப்யூஸ், 4 சதுர மி.மீ. ஒயர், பிரேக் லீவரில் மோட்டாரை நிறுத்தும் கட்-ஆஃப் சுவிட்ச் மூன்றும் இல்லாமல் பேட்டரியை இணைக்காதீர்கள்.