வாடகைக்கு விட வீடு வாங்குகிறீர்களா? பலரும் சறுக்கும் இடங்கள்

"தவணையை வாடகையே கட்டிவிடும்." வாடகைக்கு விடலாம் என்று வீடு பார்க்கக் கிளம்புகிறவர்கள் எல்லோரும் சொல்லும் கணக்கு இது. புரோக்கரும் தலையாட்டுவார். ஒருமுறை எழுதிப் பார்த்துவிடுவது நல்லது.

சென்னைப் புறநகரில் மறுவிற்பனைக்கு வந்த ஃபிளாட் ஒன்று 80 லட்சம், வாடகை 20,000 என்று வைத்துக்கொள்வோம். 60 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டு என்றால் மாதத் தவணை 52,000 ரூபாயைத் தாண்டும். வாடகை போக மீதி 32,000 உங்கள் சம்பளத்திலிருந்துதான் போக வேண்டும். அதற்கு முன்பே பத்திரச் செலவு இருக்கிறது. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். முழு விலைக்கும் பத்திரம் போட்டால் 7.2 லட்சம். மூன்று வருட வாடகை, சாவி கைக்கு வரும் முன்பே போய்விடுகிறது.

ஆண்டு வாடகை 2.4 லட்சம் என்பது வீட்டு விலையில் 3 சதவீதம்தான். வங்கி வைப்பு நிதியே இதைவிட அதிகம் தரும். ஆக, லாபம் வந்தால் அது நிலத்தின் விலை ஏறுவதால்தான் வரவேண்டும். கட்டடம் வருடத்துக்கு வருடம் பழசாகும். அதனால் மாடுலர் கிச்சனைப் பார்த்து மயங்காமல், யூடிஎஸ், அதாவது பிரிக்கப்படாத நிலப் பங்கு, எத்தனை சதுர அடி என்று முதலில் கேளுங்கள். பத்திரத்தில் உங்கள் பேருக்கு வரும் நிலம் அவ்வளவுதான்.

வருடத்துக்கு 12 மாத வாடகை என்று எழுதுவது அடுத்த தவறு. ஆனி கடைசியில் வீடு காலியானால் ஆவணி பிறக்கும்வரை பால் காய்ச்ச யார் வருவார்? மார்கழியிலும் அதே கதை. 11 மாதம் என்று போடுங்கள். அதிலும் சொத்து வரி, பெயின்டிங், மோட்டார் ரிப்பேர் எல்லாம் கழியும்.

அட்வான்ஸுக்கு வருவோம். தாம்பரத்தில் என் பெரியப்பா மாடிப் போர்ஷனை 15,000 வாடகைக்கு விட்டு, பழைய வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ் ஒன்றரை லட்சம் வாங்கினார். அந்தப் பணத்தில் போர் போட்டார். இரண்டு வருடத்தில் குடியிருந்தவருக்கு மாற்றல் வந்தது. புதிதாக வந்தவர் மூன்று மாதத்துக்கு மேல் தர முடியாது என்றுவிட்டார். வேறு மாதிரி பேசிக்கொள்ளாவிட்டால் சட்டம் சொல்லும் அளவும் அதுதான். 45,000 போக மீதிக்குப் பெரியம்மாவின் வளையல்கள் அடகுக்கடைக்குப் போயின. அட்வான்ஸ் திருப்பித் தர வேண்டிய பணம். இப்போது பெரியப்பா வாங்கும் அட்வான்ஸ் தனி வைப்பில் இருக்கிறது; ரசீது ஒப்பந்தத்தோடு பின் குத்தி பீரோவில்.

ஒப்பந்தம் என்றதும் நினைவுக்கு வருகிறது. "11 மாதத்துக்குப் போட்டால் பதிய வேண்டாம்" என்ற பழைய யோசனை இனி உதவாது. 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, எத்தனை மாதமானாலும் எழுத்தில் போட்டு வாடகை ஆணையத்தில் பதிய வேண்டும். பாக்கி வைத்தவர்மேல் கோபம் வந்து தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தினால், புகார் உங்கள்மேல் திரும்பும்.

வரியை மறைக்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால், எச்ஆர்ஏ (வீட்டு வாடகைப் படி) வரிச் சலுகை கேட்கிற வாடகைக்காரர் உங்கள் பான் எண்ணை அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும். கட்டிய சொத்து வரி போக, மீதியில் 30 சதவீதம் எப்படியும் கழித்துக்கொள்ளலாம். நேராகக் காட்டிவிடுவதே மேல்.

கடைசியாக, ஒன்றாம் தேதி தவறாமல் பணம் போடுகிறவரை ஆயிரம் ரூபாய் உயர்வுக்காகக் கிளப்புவது. வருடத்துக்கு 12,000 கூடும், சரி. ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் 20,000 போச்சு, அப்புறம் பெயின்டர் வேறு வருவார்.