கோபன்ஹேகனிலிருந்து மால்மோ: காலையில் போய் மாலையில் திரும்ப

டென்மார்க்கில் தங்கியிருப்பவர்கள் ஒரே நாளில் ஸ்வீடனையும் எட்டிப் பார்க்க, இரு நாடுகளுக்கும் நடுவிலுள்ள கடலைப் பாலத்தில் கடக்கும் எரசுண்ட் ரயில் போதும். கோபன்ஹேகன் மத்திய நிலையத்திலிருந்து மால்மோ மத்திய நிலையம் சுமார் 40 நிமிடம். ஷெங்கன் விசா ஒன்றே இரு நாடுகளுக்கும் செல்லும். ஆனாலும் பாஸ்போர்ட்டை அறையில் விட்டுவிடாதீர்கள். ஸ்வீடன் பக்கம் முதல் நிலையமான ஹில்லியில் போலீசார் ஏறிச் சோதிப்பதுண்டு. போனிலுள்ள படத்தை நம்பிப் போக வேண்டாம்.

பலர் தவறுவது டிக்கெட்டில்தான். சுற்றுலாப் பயணிகளுக்கான பாஸான கோபன்ஹேகன் கார்டு, கோபன்ஹேகன் விமான நிலையம் வரைதான் செல்லும், பாலத்தைத் தாண்டாது. ஏறுவதற்கு முன்பே இயந்திரத்திலோ செயலியிலோ மால்மோ வரை டிக்கெட் எடுங்கள். ரயிலில் ஏறி வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தால் அபராதம்தான்.

2000-இல் திறந்த பாலத்தில் ரயில் கீழ்த்தளத்தில் ஓடுகிறது. இரும்புச் சட்டங்கள் குறுக்கிடுவதால் படம் சுமாராகவே வரும், கடலைக் கண்ணால் பாருங்கள்.

மால்மோ மத்திய நிலையத்தில் இறங்கினால் லில்லா தோரி சதுக்கமும் கோட்டையும் நடை தூரம். மலிவாகச் சாப்பிட, ஒரு நிலையம் முன்னதாகவே த்ரியாங்கெல்னில் இறங்கி மொல்லெவாங்கன் என்ற பகுதிக்கு நடக்கலாம். ஸ்வீடன் குரோனா வேறு, டேனிஷ் குரோனே வேறு. பணம் மாற்ற வேண்டாம், வங்கி கார்டே போதும்.