ஊட்டிக் குளிரில் கேபர்னே: புதிதாகப் பழகுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரியில் ஒயின் என்றதும் பலருக்கும் நினைவு வருவது, கிறிஸ்துமஸ் சமயத்தில் பக்கத்து வீட்டிலிருந்து கேக்கோடு வரும் இனிப்பு ஒயின்தான். கம்பம் பக்கத்திலிருந்து வரும் பன்னீர் திராட்சை, நிறைய சர்க்கரை, ஈஸ்ட், கொஞ்சம் பட்டை, கிராம்பு. அதற்குப் பழகிய நாக்கோடு, கேபர்னே சோவினியோன் என்ற கருந்திராட்சையில் செய்யும் ரெட் ஒயினைத் திறந்தால் முதல் மடக்கிலேயே முகம் சுளிக்கும். "கெட்டுப்போச்சு போல" என்று சிங்க்கில் கொட்டுபவர்களும் உண்டு. பாவம், அது கெடவில்லை. பன்னீர் திராட்சை, அதாவது மஸ்கட் ஹாம்பர்க், பழமாகவே தின்னத் தகுந்த ரகம். கேபர்னே அப்படியல்ல. பழம் சின்னது, தோல் தடிமன், கொட்டைக்கு முன் சதை கொஞ்சம்தான். அதிலுள்ள சர்க்கரை கிட்டத்தட்ட முழுக்க ஆல்கஹாலாக மாறிய பிறகுதான் பாட்டிலுக்குள் போகிறது. அதில் இனிப்பைத் தேடுவதுதான் முதல் தவறு.

தேட வேண்டியது துவர்ப்பை. பழத்தைப் பிழிந்தால் வரும் சாறு வெளிறித்தான் இருக்கும். சிவப்பு முழுவதும் தோலில் இருக்கிறது. அதனால் தோலோடும் கொட்டையோடும் சேர்த்துப் புளிக்கவைக்கிறார்கள். நிறத்தோடு துவர்ப்பைத் தரும் டேனின் என்ற பொருளும் இறங்கிவிடுகிறது. தேயிலை மாவட்டத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. டீத்தூளைப் பத்து நிமிடம் ஊறவிட்டுப் பால் சேர்க்காமல் குடித்தால் ஈறும் கன்னத்தின் உட்புறமும் காய்ந்து இழுக்குமே, அதேதான். எச்சிலில் உள்ள புரதத்தை டேனின் பிடித்துக்கொள்வதால் வரும் வறட்சி அது. டீயில் பால் ஊற்றினால் துவர்ப்பு அடங்குவதற்கும் இதுவே காரணம்: பாலின் புரதம் முந்திக்கொள்கிறது. கேபர்னேயைச் சீஸோடும் மட்டன் வறுவலோடும் வைத்துக்கொள்ளச் சொல்வது சும்மா நாகரிகத்துக்காக அல்ல. ஆனால் வறுவலில் மிளகாய் தூக்கலாக இருந்தால் எல்லாம் வீண். ஆல்கஹால் காரத்தை இன்னும் ஏற்றிவிடும், வாயே எரியும்.

குன்னூரில் தேயிலை ருசி பார்ப்பவர்கள் ஒரு கரண்டி எடுத்து "சர்"ரென்று உறிஞ்சி, வாய் முழுக்க உருட்டி, துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்கு நகர்வார்கள். கேபர்னேயை அறிய அதைவிட நல்ல வழி இல்லை. துப்ப வேண்டாம், உருட்டினால் போதும். மடமடவென்று விழுங்கினால் கசப்பும் சூடும் மட்டுமே மிஞ்சும்.

ஊட்டிக்கு வருபவர்கள் தவறாமல் செய்யும் இன்னொன்று, ஹோம் மேட் சாக்லேட்டைக் கடித்துக்கொண்டே ரெட் ஒயின் குடிப்பது. படத்தில் பார்க்க நன்றாக இருக்கும். நாக்கில் இனிப்பு ஏறிய பிறகு இனிப்பில்லாத ஒயின் புளிப்பும் கசப்புமாகத்தான் தெரியும். சாக்லேட்டும் பாழ், ஒயினும் பாழ்.

சரி, குளிர். ரெட் ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்பதை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்கள். அந்த விதி சொல்லும் அறை ஐரோப்பாவின் பழைய கல் வீடு. கணக்கு 16 முதல் 18 டிகிரி. கோயம்புத்தூர் அறை அதைவிடச் சூடு, அங்கே அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைப்பது சரி. ஜனவரி இரவில் ஊட்டி வீட்டு அலமாரியில் இருக்கும் பாட்டிலுக்கோ நேர்மாறான சிக்கல். குளிர்ந்த கேபர்னேயில் வாசனை எழாது, துவர்ப்பு மட்டும் முரட்டுத்தனமாக முன்னால் வந்து நிற்கும். உடனே ஹீட்டர் பக்கத்தில் கொண்டுபோய் வைக்காதீர்கள். ஒரு பக்கம் மட்டும் சூடாகி, ஆல்கஹால் நெடிதான் தூக்கும். ஒரு ஜக்கில் ஊற்றிச் சமையலறையில் அரை மணி நேரம் விட்டால் போதும், காற்றும் படும். கார்க்கை மட்டும் திறந்து வைப்பதில் பெரிய பயன் இல்லை. அந்தக் கழுத்து வழியாக எவ்வளவு காற்று போய்விடும்? அப்புறம் கிளாஸின் வயிற்றை உள்ளங்கையில் ஏந்திக்கொள்ளுங்கள். மற்ற ஊர்களில் காம்பைப் பிடிக்கச் சொல்வார்கள், இங்கே வேண்டாம்.

மலையேறும் வழியும் முக்கியம். ஏப்ரலில் மேட்டுப்பாளையத்தில் சாப்பிட இறங்கி, பாட்டிலை கார் டிக்கியில் விட்டுப் போனால் ஒயின் வெந்துவிடும். கார்க் லேசாக வெளியே தள்ளியிருந்தால் அதுதான் அடையாளம்.

வாசனையில் குடைமிளகாய் வந்தால் பயப்பட வேண்டாம். அது பைரசின் என்ற சேர்மம். வெயில் போதாமல் பழம் முழுதாக முதிராதபோது தூக்கலாகத் தெரியும். கேபர்னேயின் பெற்றோர் யார் என்று கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் மரபணுவை வைத்துக் கண்டுபிடித்து 1997இல் வெளியிட்டார்கள்: கருந்திராட்சையான கேபர்னே ஃபிராங்க்கும் வெள்ளைத் திராட்சையான சோவினியோன் பிளாங்க்கும். அந்தப் பச்சை வாசனை இரண்டிலுமே உண்டு. நனைந்த அட்டைப்பெட்டி வாடையோ வினிகர் நெடியோ வந்தால் மட்டும் குறை சொல்லலாம்.

லேபிளில் கேபர்னே என்றிருந்தால் உள்ளே முழுக்க அதுவே என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் 75 விழுக்காடு, ஐரோப்பிய ஒன்றியத்தில் 85 விழுக்காடு இருந்தாலே அந்தப் பெயரைப் போடலாம். பிரான்ஸில் போர்தோவின் மெடாக் பகுதி ஒயின்களிலோ பெரும்பாலும் திராட்சைப் பெயரே இருக்காது, ஊர்ப் பெயர்தான். பிரெஞ்சு என்றால்தான் உசத்தி என்ற எண்ணம் பிரெஞ்சு, கலிஃபோர்னியா ஒயின்கள் மோதிய 1976 பாரிஸ் போட்டியிலேயே உடைந்தது. பெயரை மறைத்து ருசி பார்த்தபோது ஸ்டாக்ஸ் லீப் என்ற கலிஃபோர்னியா கேபர்னே முதலிடம் பிடித்தது. வாங்கி வருடக்கணக்கில் பூட்டிவைப்பதும் வேண்டாம். சாதாரண விலைப் பாட்டில்கள் சில வருடங்களுக்குள் குடிக்கவே தயாரானவை. (நீலகிரி டாஸ்மாக்கில் 2022 முதல் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாகப் பிடிக்கிறார்கள். காலி பாட்டிலைக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், சோலைக்குள் வீச வேண்டாம்.) இதயத்துக்கு நல்லது என்று குடிக்க ஆரம்பிப்பதும் தவறே. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என 2023இல் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது.

கடைசியாக, கோத்தகிரியில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். "இங்கேதான் குளிர் இருக்கே, கேபர்னே வைக்கலாமே" என்பார்கள். கேபர்னே தாமதமாகப் பழுக்கும் ரகம். போர்தோவிலேயே சரியாகப் பழுக்காத வருடங்களுக்குத் துணையாக, முந்திப் பழுக்கும் மெர்லோ ரகத்தையும் நடுகிறார்கள். கேபர்னேக்கு நீண்ட வெயிலும் காய்ந்த அறுவடைக்காலமும் வேண்டும். இரண்டு பருவமழையும் மூடுபனியும் இலையை ஈரமாகவே வைத்திருக்கும் சரிவில் அடிச்சாம்பல் என்ற பூஞ்சை நோய்தான் முதல் அறுவடை. நாசிக்கில் மழை ஓய்ந்த பிறகு கவாத்து செய்து, பிப்ரவரி, மார்ச் வெயிலில் பழம் பறிப்பது இதனால்தான். கொடியைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டுமென்றால் பெங்களூரு தாண்டி நந்தி மலைப் பக்கம் போய் வாருங்கள்.