‘ஒருநாள் சந்திப்பம்’ என்பதற்கு ஒரு திகதி குறித்தல்: வேலை பார்க்கும் வயதில் நட்பைக் காக்கும் வழிகள்

வெள்ளவத்தைச் சந்தை வாசலில், ஒரு கையில் முருங்கைக்காய்க் கட்டும் மறுகையில் பிள்ளையின் புத்தகப் பையுமாக நிற்கும்போது, பத்து ஆண்டுகளுக்கு முன் ஒரே அறையில் தங்கிப் படித்த நண்பனைத் தற்செயலாகக் காண்கிறோம். “ஒருநாள் கட்டாயம் சந்திப்பம் மச்சான்” என்கிறான். நாமும் அதையே திருப்பிச் சொல்கிறோம். இருவரும் மனதாரத்தான் சொல்கிறோம். ஆனால் ‘ஒருநாள்’ என்ற நாள் எந்த நாட்காட்டியிலும் இல்லாதபடியால், அடுத்த சந்திப்பும் பெரும்பாலும் அதே சந்தை வாசலிலோ, யாரோ ஒருவருடைய செத்தவீட்டிலோதான் நிகழ்கிறது. கொழும்பில் வேலை பார்ப்பவர்களின் நட்பு சண்டையால் முறிவதை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். ஏற்பாடு செய்ய ஆளில்லாமல் தேய்ந்துபோவதையே அதிகம் கண்டிருக்கிறேன். எனவே கீழே சொல்லப்படுவன பெரும்பாலும் ஏற்பாடுகள் பற்றியவையே.

முதலில் கையிலுள்ள நேரத்தைக் கணக்கிடுங்கள். 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி வழமையான வேலைநேரம் நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம். ஓராண்டு வேலை செய்தவருக்கு அடுத்த ஆண்டில் 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் சமயோசித லீவும் (சொந்தத் தேவைக்கு எடுக்கும் லீவு) உண்டு. காலி வீதி நெரிசலில் கழியும் நேரம் இந்தக் கணக்கில் வராது. மறுபக்கம், கன்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹோல் 2018இல் வெளியிட்ட ஆய்வொன்று, வெறும் அறிமுகம் சாதாரண நட்பாவதற்கு ஏறத்தாழ 50 மணித்தியாலமும், நட்பு என்று சொல்லத்தக்கதாவதற்கு 90 மணித்தியாலமும், நெருங்கிய நட்பாவதற்கு 200 மணித்தியாலத்துக்கு மேலும் தேவைப்படுவதாகக் கண்டது. மாதத்துக்கு இரண்டு மணித்தியாலம் ஒருவரைச் சந்தித்தால் ஆண்டுக்கு 24தான் சேரும். முப்பத்தைந்து வயதில் அறிமுகமாகும் ஒருவர் நெருங்கிய நண்பராவதற்கு எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். விடுதி அறையில் அந்த 200 மணித்தியாலத்தை ஒரே தவணையில் செலவிட்டு வைத்திருக்கிறோம். அதனால்தான் புதியவர்களைத் தேடுவதற்கு முன்பு பழையவர்களைத் தேடுங்கள் என்று சொல்வேன்.

அவர்களைச் சந்திப்பதற்கு இந்த நாட்டில் ஆயத்தமாகக் கிடைக்கும் நாள் போயா. மாதந்தோறும் வரும் இந்தப் பௌர்ணமி விடுமுறை ஆண்டுக்குப் பன்னிரண்டோ பதின்மூன்றோ வரும். திகதிகளும் முன்கூட்டியே தெரியும். (1966 முதல் 1971 வரை ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாகப் போயாவையொட்டியே வாராந்த விடுமுறையும் அமைந்திருந்தது, அக்காலத்தில் வேலை செய்த பெரியவர்களிடம் கேட்டால், இன்று என்ன கிழமை என்பதே மறந்துபோன கதைகளைச் சொல்வார்கள்.) சனி, ஞாயிறுகளைத் தனியார் வகுப்புகளும் கலியாண வீடுகளும் விழுங்கிவிடுகின்றன, போயா அவ்வளவாக விழுங்கப்படுவதில்லை. அன்று மதுக்கடைகள் மூடியிருப்பதும் வசதிதான்: சந்திப்பு நள்ளிரவுவரை நீளாது, செலவும் கூடாது, வீட்டார் முகமும் கோணாது.

எங்கள் கூட்டத்தில் நடைமுறை இதுதான். தை பிறந்ததும், வங்கி கொடுத்த நாட்காட்டியில் போயா நாட்களுக்கு மேல் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுகிறோம். காலை ஆறரைக்கு வெள்ளவத்தைப் புகையிரத நிலையத்தடியில் கூடி, மரைன் டிரைவ் வழியே பம்பலப்பிட்டிவரை நடந்து, திரும்பும் வழியில் ஒரு கடையில் உழுந்து வடையும் பிளேன்டீயும் எடுத்து, எட்டரைக்கெல்லாம் கலைந்துவிடுவோம். கொட்டாஞ்சேனையில் இருந்து வருபவர் முதல் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் என்பதால் அவருக்காகப் பத்து நிமிடம் காத்திருப்போம். பதினோராவது நிமிடத்தில் நடக்கத் தொடங்குவோம், அவர் ஓடிவந்து சேர்ந்துகொள்வார். எத்தனை பேர் வருவார்கள் என்று முன்கூட்டியே கேட்பதில்லை. இரண்டு பேர் வந்தாலும் நடை நடக்கும். இந்த ஒரு விதிதான் எங்களை ஆறு ஆண்டுகளாகக் காப்பாற்றி வருகிறது. ‘எல்லோருக்கும் வசதியான நாள்’ பார்த்த மற்றக் கூட்டங்களெல்லாம் அந்த நாளை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

விதிவிலக்குகளைக் கவனிக்கவேண்டும். போயா வெள்ளியிலோ திங்களிலோ விழுந்தால் அது நீண்ட வார இறுதி. வெள்ளவத்தையில் இருந்து புறப்படும் யாழ்ப்பாணத்து இரவு பஸ்களில் பாதி நண்பர்கள் ஏறிவிடுவார்கள், அவர்களை மறிக்கவேண்டாம். வெசாக்கின்போது அலங்காரப் பந்தலும் தன்சல் எனும் இலவச உணவுச் சாலைகளும் பார்க்க வருவோரால் வீதிகள் நிரம்பிவிடும் என்பதால், அன்றைய சந்திப்பைப் பௌத்த நண்பர் ஒருவரின் வீட்டுக்கு மாற்றிக்கொள்வது நல்லது. சித்திரைப் புத்தாண்டுக்கு நகரமே காலியாகிவிடும். ஊருக்குப் போகாமல் கொழும்பிலேயே தங்கிவிட்டவர்களைத் தேடிப்பிடிக்க அதைவிட நல்ல கிழமை இல்லை. வைத்தியசாலையிலோ ஹோட்டலிலோ வேலை செய்பவர்களுக்கும், அமெரிக்க வாடிக்கையாளருக்காக இரவில் விழித்திருக்கும் மென்பொருள் துறையினருக்கும் போயா என்பது விடுமுறையே அல்ல. அவர்களுடைய பணிமுறை அட்டவணையைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

யார் ஏற்பாடு செய்வது? முறைவைத்து மாறிமாறிச் செய்வதுதான் நியாயம் என்று தோன்றும். அனுபவத்தில் அது மூன்றாவது மாதத்தில் நின்றுவிடும். கூட்டத்தில் ஒருவருக்கு இந்தக் குணம் பிறப்பிலேயே இருக்கும், அவரிடமே விட்டுவிடுங்கள். மற்றவர்களின் கடமை, அவர் அனுப்பும் செய்திக்கு அன்றைக்கே பதில் போடுவதும், தம் பங்குக் காசைக் கேட்காமலே கொடுப்பதும். வட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் பூக்களை அனுப்புவது இந்தக் கடமையில் அடங்காது.

மாதாந்தச் சந்திப்புக்கு இன்னொரு பழைய வழி சீட்டு. பத்துப் பேர் மாதம் 10,000 ரூபாய் வீதம் போட்டு, ஒவ்வொரு மாதமும் ஒருவர் ஓர் இலட்சத்தை எடுத்துக்கொள்வதால், காசுக்காகவாவது பத்து மாதம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். நண்பர்களுக்குள் போடுவதாயின் கழிவுச் சீட்டை (கூடுதல் கழிவு கூறுபவருக்கே அந்த மாதத் தொகை) தவிர்த்துக் குலுக்கலையே வைத்துக்கொள்ளுங்கள்; கழிவு கூறும்போது யாருக்கு எவ்வளவு முடை என்பது சபையில் வெளிப்பட்டுவிடும், அதன்பின் அந்த நண்பர் சந்திப்புக்கு வரக் கூசுவார். முதல் சீட்டை எடுத்துக்கொண்டு, விசா வந்ததும் விமானம் ஏறிவிட்டவரைப் பற்றிய கதையொன்று கொழும்பில் எல்லோரிடமும் இருக்கும். ஆகையால் தொகை, இழந்தாலும் நட்பு மிஞ்சக்கூடிய அளவில் இருக்கட்டும்.

காசு பற்றிய பேச்சு வந்தபடியால் பிணைக் கையெழுத்தையும் சொல்லிவிடுகிறேன். நண்பரின் வங்கிக் கடனுக்குப் பிணை நின்றால், அவர் கட்டத் தவறும்போது வங்கி உங்களிடம் வரலாம். இது சம்பிரதாயக் கையெழுத்து என்று யார் சொன்னாலும் நம்பவேண்டாம். மறுப்பதாயின் கேட்ட அன்றைக்கே மறுத்துவிடுங்கள். இரண்டு கிழமை இழுத்தடித்து, தொலைபேசியை எடுக்காமல் ஒளித்துத் திரிந்து, பின்னர் மறுப்பதுதான் நட்பைக் கெடுக்கிறது. கைமாற்றாக ஒரு சிறு தொகையைக் கொடுக்க முடியுமானால், திருப்பி எதிர்பார்க்காமல் அதைக் கொடுப்பது மேல்.

வேலை தேடும்போது நெருங்கிய நண்பர்களையே நச்சரிப்பது வழக்கம். மார்க் கிரனோவெட்டர் 1973இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில், வேலை மாறியவர்கள் பலருக்குத் தகவல் வந்தது நெருங்கியவர்களிடமிருந்து அல்ல, எப்போதாவது காணும் அறிமுகங்களிடமிருந்தே என்று காட்டினார். காரணம் எளிது: நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் உங்களுக்கும் தெரிந்ததே. ஆகவே பழைய மாணவர் சங்கத்தின் கொழும்புக் கிளைக் கூட்டத்துக்கு வேலை தேவைப்படாத காலத்திலும் ஒருமுறை தலைகாட்டுங்கள். பழைய கந்தோரில் பக்கத்து மேசையில் இருந்தவருக்கு ஆண்டுக்கொரு முறையாவது, எதுவும் கேட்காமல், நலம் விசாரித்து எழுதுங்கள். தேவை வந்த பிறகு எழுதும் முதல் கடிதத்தின் நோக்கம் முதல் வரியிலேயே தெரிந்துவிடும். கந்தோரிலேயே இருக்கும் நட்பைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை போதும்: ஹோலின் ஆய்வில் சேர்ந்து வேலை செய்த மணித்தியாலங்கள் நெருக்கத்தை அவ்வளவாக வளர்க்கவில்லை. சக ஊழியரை நண்பராக்க விரும்பினால் கந்தோர் வாசலைத் தாண்டி எங்கேயாவது அழைத்துச் செல்லுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு நேரக் கணக்கு வேண்டும். லண்டன் நமக்குக் கோடையில் நாலரை மணித்தியாலமும் குளிர்காலத்தில் ஐந்தரையும் பின்னால். ரொறன்ரோ ஒன்பதரை, பத்தரை பின்னால். மெல்பேர்ண் நாலரை அல்லது ஐந்தரை முன்னால். ஞாயிறு காலை ஏழு மணிக்கு நீங்கள் கோப்பியோடு இருக்கும்போது ரொறன்ரோவில் சனி இரவு ஒன்பதரையோ எட்டரையோ ஆகியிருக்கும். பிள்ளைகள் படுத்துவிட்ட அந்த நேரத்தில் அவர் நிதானமாகப் பேசுவார். மூன்று கண்டத்தையும் ஒரே அழைப்பில் சேர்க்க முயன்றால் மெல்பேர்ண்காரர் தூங்கி வழிவார், அவரைத் தனியாக எடுங்கள். நான் கோட்டையில் இருந்து வெள்ளவத்தைக்குப் புகையிரதத்தில் வரும் அரை மணிக்குக் குறைந்த நேரத்தைக் கட்டார் நண்பருக்கென ஒதுக்கியிருக்கிறேன். கடற்காற்றில் பாதி கேட்காது. கேட்ட பாதி போதுமானதாகவே இருக்கிறது.

கலியாணம் போன்ற நன்மைக்குப் போகத் தவறினால் பிறகு பரிசோடு போகலாம். செத்தவீடு போன்ற தின்மைக்குத் தவறுவது வேறு. நண்பர் ஒருவரின் தந்தை காலமானபோது, உடல் பொரளையில் ஒரு மலர்ச்சாலையில் வைக்கப்பட்டிருந்தது. என் கந்தோரில் இருந்து முச்சக்கரவண்டியில் பதினைந்து நிமிடம். மாதக் கடைசிக் கணக்கு முடியவில்லை. லீவு கேட்டிருந்தால் கிடைத்திருக்கும், நான் கேட்கவேயில்லை. ‘ஆழ்ந்த அனுதாபங்கள்’ என்று கைத்தொலைபேசியில் தட்டிவிட்டுக் கணக்கைத் தொடர்ந்தேன். பிறகு வந்த சடங்குகளான எட்டுச் செலவுக்கும் போகவில்லை, அந்தியேட்டிக்கும் போகவில்லை. நாள் செல்லச்செல்லப் போவது கடினமானது. நான்கு மாதம் கழித்து, சொல்லாமலே தெஹிவளையிலுள்ள வீட்டுக்குப் போனேன். நண்பரின் தாயார் கதவைத் திறந்து, “சாப்பிட்டியே தம்பி?” என்று மட்டும் கேட்டார். புட்டும் கத்தரிக்காய்க் கறியும் வந்தன. நண்பர் அரைமணித்தியாலம் பேசவில்லை. பிறகு தந்தையின் கடைசி நாட்களைப் பற்றி ஒன்றரை மணித்தியாலம் பேசினார். பிந்திவிட்டால் பிந்தியே போங்கள், ஆனால் போங்கள். சமயோசித லீவில் இரண்டு நாளையாவது இதற்கென்று மிச்சம் வைத்திருங்கள்.

நெடுநாள் தொடர்பில்லாத ஒருவருக்கு எப்படி எழுதுவது என்று பலர் கேட்பதுண்டு. இவ்வளவு காலம் எழுதாததற்குக் காரணம் விளக்கவேண்டாம்; விளக்கம் நீண்டால் அவரும் விளக்கம் எழுதவேண்டிவரும், அதனால் பதில் தள்ளிப்போகும். நாள், நேரம், இடம் மூன்றையும் எழுதுங்கள்: “வருகிற போயா காலை ஆறரை, வெள்ளவத்தை ஸ்டேஷனடி, நாங்கள் நடக்கிறோம், வந்தால் சந்தோஷம்.” பதில் வராவிட்டால் அடுத்த மாதமும் அதே வரியைத் திகதியை மாற்றி அனுப்புங்கள். மூன்றாம் மாதம் எழுதாமல் தொலைபேசியில் எடுங்கள். அவர் இலக்கம் மாறியிருக்கலாம்.